பூனை ஏன் இத்தனை பிறாண்டுகிறது?

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம், பட்டம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் வளரும் பூனைக்குத் தோட்டத்துச் செம்மண் ஏது? மலஜலம் கழிக்க மணல் நிரப்பிய தொட்டிதான். அதில் சில பூனைகள் விடாமல் பிறாண்டும். தொட்டியின் பக்கச் சுவரையும் தரை டைல்ஸையும்கூட விட்டுவைக்காது.

கழிவை மூடி வாடையை மறைப்பது காட்டுப்பூனை மூதாதையரின் பழக்கம். அளவு மீறினால் முதலில் தொட்டியைப் பாருங்கள். மணல் இரண்டு அங்குல ஆழமாவது இருக்கிறதா? பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொட்டி நீளமா? இங்கே ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. காற்றின் ஈரத்தில் மணல் நசநசத்துப் போகும். அதில் கால் வைக்கப் பிடிக்காத பூனை சுவரைச் சுரண்டும். தினமும் கழிவை அள்ளிவிடுங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். நமக்கு இதமான மணம் அதன் மூக்குக்குத் தொல்லை.

ஒன்றை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ஆண் பூனை அடிக்கடி தொட்டிக்குப் போய்த் தோண்டி, முக்கி, கத்தியும் சொட்டுச் சிறுநீர் வரவில்லை என்றால் அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குடப்பனக்குன்னில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது.