கொட்டாரம் காணச் செல்லுமுன்

கோயிலுக்குச் செல்வோர் வழிபடச் செல்கின்றனர்; கடற்கரைக்குச் செல்வோர் இளைப்பாறச் செல்கின்றனர். பழைய அரண்மனை ஒன்றைக் காணச் செல்வோர் எதற்காகச் செல்கின்றனர்? இக்கேள்விக்கு விடை காணாமல் சென்றால், நீண்ட இடைகழிகளில் நடந்து, சில படங்கள் எடுத்துக்கொண்டு, கால் வலியோடு திரும்புவதே மிஞ்சும். விடை கண்டு சென்றால், அதே இடைகழிகள் நம்மோடு பேசத் தொடங்கும். அத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாவது எப்படி என்பதைப் பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

இல்லமே காட்சிப்பொருள்

மனிதர் வாழ்ந்த வீட்டையோ அரண்மனையையோ அதன் அறைகளோடும் புழங்கிய பொருள்களோடும் காத்து, மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கும்போது அதனை இல்ல அருங்காட்சியகம் என்கிறோம். எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லமும் இவ்வகையினதே. பிற அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் பெயர்ப்பலகையோடு இருக்கும். இல்ல அருங்காட்சியகத்திலோ கட்டடமே முதன்மையான காட்சிப்பொருள். வாயிலின் உயரம், படிக்கட்டின் அகலம், சாளரம் பார்க்கும் திசை, சமையலறைக்கும் அரசர் அறைக்கும் இடையிலான தொலைவு ஆகிய ஒவ்வொன்றும் அங்கு வாழ்ந்தோரின் வாழ்வைச் சொல்லும். பெயர்ப்பலகையில் எழுதப்படாத இச்செய்திகளைப் படிக்க முன்னறிவு வேண்டும்.

செல்லுமுன் அறிய வேண்டிய வரலாறு

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் தக்கலை என்னும் ஊர் உள்ளது. அதற்கு மிக அருகில் அமைந்திருக்கிறது பத்மநாபபுரம். அப்பகுதி மக்கள் அரண்மனையைக் ‘கொட்டாரம்’ என்பர். இவ்வூரின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601ஆம் ஆண்டளவில் இங்கு அரண்மனை எழுந்தது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் அதனை விரிவாக்கிப் புதுப்பித்தார். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையை வென்ற இவ்வரசர், 1750இல் தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு உரிமையாக்கி, இறைவனின் அடியவராக நின்று ஆண்டார். பத்மநாபபுரம் என்னும் பெயர் அவ்விறைவன் பெயரால் அமைந்தது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆயினும் அரண்மனையைப் பேணும் பொறுப்பு இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே உள்ளது. நிலம் ஒரு மாநிலத்தில், பராமரிப்பு மற்றொரு மாநிலத்தில் என்னும் இந்நிலை, பண்பாட்டுச் செல்வத்தை எல்லைக்கோட்டால் பிரித்துவிட இயலாது என்பதற்குச் சான்றாகும். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு முதல் இவ்வரண்மனை இடம்பெற்றுள்ளது.

நாளும் நேரமும்

பயணத்திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நாள். அரண்மனை திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். திறக்கும் நேரம், உணவு இடைவேளை, நுழைவுக் கட்டணம், ஒளிப்படம் எடுப்பதற்கான விதி ஆகியன மாறக்கூடியவை. ஆதலால் புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே அவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். மாணவர் குழுவாயின் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் கையில் இருத்தல் நன்று.

அடுத்தது பருவம். குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழைகளையும் பெறுகிறது. மழை நாளில் பயணம் சற்றுக் கடினம். ஆனால் செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரைகளும் முன்னோக்கி நீண்ட இறவாரங்களும் எதற்காக அமைந்தன என்பதை மழைநாள்போல் விளக்கும் ஆசிரியர் வேறில்லை.

ஏறத்தாழ 6.5 ஏக்கர் பரப்பில் பல கட்டடங்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்பதால், உள்ளே காண்பதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். படிகள் செங்குத்தானவை, சில நிலைவாயில்கள் தாழ்வானவை. முதியோரும் நடக்க இயலாதோரும் உடன் வந்தால், அவர்கள் எளிதில் காணத்தக்க பகுதிகள் எவை என முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து வருவோர் வழியில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் காணலாம். குளச்சலில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கு உள்ளது. பகைவராக வந்தவர் படைத்தலைவராக உயர்ந்த வரலாற்றை அறிந்தபின் அரண்மனைக்குள் நுழைந்தால், மார்த்தாண்ட வர்மரின் ஆட்சித்திறன் தெளிவாக விளங்கும்.

உள்ளே காண்பவை

முதலில் எதிர்ப்படுவது பூமுகம் என்னும் முகப்பு மண்டபம். அதன் மரக்கூரையில் செதுக்கிய தாமரைப் பூக்கள் ஒன்றுபோல் மற்றொன்று இராமல் அமைந்துள்ளன. குதிரை வீரன் உருவம் கொண்ட தொங்குவிளக்கும் சீன வணிகர் அளித்ததாகக் கூறப்படும் இருக்கையும் இங்கு உள்ளன. வந்தவரை வியக்க வைத்து, அதன்பின் அரசரைக் காண அனுமதிக்கும் இடம் இது.

மேல்தளத்தில் இருப்பது மந்திரசாலை. அரசர் அமைச்சரோடு கூடி ஆய்ந்த அவை இது. இதன் சாளரங்களில் மரச்சட்டங்கள் சரிவாகப் பொருத்தப்பட்டுள்ளன. காற்று தடையின்றி வரும். கண்ணைக் கூசும் வெயில் வராது. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க இயலாது. குளிர்ச்சியும் மறைபொருள் காப்பும் ஒரே அமைப்பில் கூடிவந்த தச்சுத்திறன் இது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் காலை வைத்ததும் அதன் தண்மையை உணரலாம். சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டையின் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து இத்தரையை அமைத்ததாகக் கூறுவர்.

தாய்க்கொட்டாரம் இவ்வளாகத்தின் மிகப் பழைய பகுதி. நடுவில் முற்றமும் நாற்புறமும் கட்டும் உடைய நாலுகெட்டு அமைப்பினது. இங்குள்ள நுண்ணிய வேலைப்பாடு மிக்க பலாமரத் தூண் நின்று பார்க்கத்தக்கது. நான்கு தளங்கள் கொண்ட உப்பரிகை மாளிகையில் மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டில் உள்ளது. அதன் மேல்தளத்தில் வழிபாட்டு அறையும் சுவரோவியங்களும் உண்டு. ஓவியங்களின் பாதுகாப்புக் கருதி அப்பகுதி பொதுவாகப் பார்வையாளர்க்குத் திறக்கப்படுவதில்லை. ‘இதையும் காட்டக்கூடாதா?’ என வருந்துவதைவிட, நம் மூச்சின் ஈரமும் கைபடுதலும் வண்ணங்களைக் கெடுக்கும் என்பதை உணர்வதே அறிவுடைமை.

பெரும்பாலும் மரத்தாலான வளாகத்தில் நவராத்திரி மண்டபம் மட்டும் கல்லால் ஆனது. இசையும் நடனமும் நிகழ்ந்த இம்மண்டபத்தின் ஒருபுறம் மரத்தாலான மறைவறை உள்ளது. அரசகுலப் பெண்டிர் அதன் துளைகள் வழியே கலைநிகழ்ச்சிகளைக் கண்டனர். ஆண்டுதோறும் நவராத்திரியின்போது இங்குள்ள சரசுவதி திருவுருவம் இன்றும் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகிறது.

காணாதவற்றைக் கேட்டல்

இரண்டு தளங்களாக நீண்டு கிடக்கும் ஊட்டுப்புரையில் ஒரே வேளையில் ஏறத்தாழ 2000 பேர் உணவருந்தலாம் என்பர். இதனைக் கேட்டதும் அரசரின் கொடைத்தன்மையை எண்ணி வியக்கிறோம். அவ்வியப்போடு நின்றுவிடாமல் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: அங்கு அமர்ந்து உண்டோர் யாவர்? திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பெரும்பாலும் அந்தணர்க்கு விலையின்றி உணவளிக்க அமைந்தவை. அந்நெல்லை விளைவித்த உழவர்க்கு அப்பந்தியில் இடமில்லை. கூலியின்றி அரசுக்கு உழைக்கும் ‘ஊழியம்’ என்னும் சுமை ஒடுக்கப்பட்ட மக்கள் மேல் சுமத்தப்பட்டிருந்தது. இத்தென்பகுதிப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, 1859இல்தான் அரசின் அறிவிப்பைப் பெற்றனர். அனைத்துச் சாதியினரும் கோயிலுக்குள் செல்லலாம் என்னும் ஆணை 1936இல் வெளிவந்தது.

இச்செய்திகள் எவையும் மரத்தூண்களில் செதுக்கப்படவில்லை. தாமரைக் கூரையைச் செதுக்கிய தச்சரின் பெயரையும் நாம் அறியோம். கட்டியவர் என்னும் இடத்தில் அரசரின் பெயர் நிற்கிறது. உளி பிடித்த கைகளின் பெயர்கள் மறைந்துவிட்டன. இன்று நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் பூமுகத்தின் வழியே நுழைந்து மந்திரசாலை வரை செல்கிறோம். ஒரு காலத்தில் இவ்வாயிலை நெருங்கவும் இயலாதிருந்தோரின் வழித்தோன்றல்களும் அவ்வரிசையில் நிற்கின்றனர். இல்ல அருங்காட்சியகம் என்னும் அமைப்பு மக்களாட்சிக்கு அளித்த பெருங்கொடை இதுவே. கலைநயத்தை வியப்பதும் அநீதியை உணர்வதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல; இரண்டும் சேர்ந்ததே வரலாற்றறிவு.

ஆகவே செல்லுமுன் மாணவர்கள் குழுவாக அமர்ந்து சில வினாக்களை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அறையை யார் பயன்படுத்தினர்? யார் தூய்மை செய்தனர்? இங்கு எரிந்த விளக்கிற்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? பெண்கள் எவ்வழியே நடந்தனர்? எந்த வாயில் யாருக்கு மூடப்பட்டிருந்தது? ஒவ்வொரு குழுவும் ஒரு வினாவோடு உள்ளே சென்றால், திரும்பி வரும்போது முழு வகுப்பிற்கும் ஒரு முழுமையான சித்திரம் கிடைக்கும்.

காக்கும் கடமை

கல்லைவிட மரம் எளிதில் அழியும். ஈரம், கறையான், தீ ஆகியவற்றோடு மனிதரின் கவனக்குறைவும் அதற்குப் பகை. ஆண்டுதோறும் பல்லாயிரவர் தொட்டுச் செல்லும் தூண் தன் வேலைப்பாட்டின் கூர்மையைச் சிறிது சிறிதாக இழக்கும். ஆதலால் தொடாமல் காண்பதும், கட்டிலிலும் இருக்கையிலும் அமராதிருப்பதும், சுவரில் பெயர் எழுதாதிருப்பதும், உணவுப் பொருள்களை உள்ளே கொண்டு செல்லாதிருப்பதும் பார்வையாளரின் கடமைகளாகும். வழிகாட்டுவோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, ஐயம் எழுந்தால் பணிவோடு வினவ வேண்டும். ‘சான்று உள்ளது’, ‘கூறுவர்’ என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் குறிப்பேட்டில் எழுதுவது நல்ல ஆய்வுப் பழக்கம்.

திரும்பிய பின்

பயணம் பேருந்து ஏறியதும் முடிவதில்லை. கண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதுதல், அரண்மனையின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைதல், கொண்டுசென்ற வினாக்களுள் விடை கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் தனித்தனியே பட்டியலிடுதல் ஆகியன பயணத்தின் பயனைப் பெருக்கும். விடை கிடைக்காத வினாக்கள் நம்மை நூலகத்திற்கும் ஊர்ப் பெரியோரிடமும் அழைத்துச் செல்லும்.

நம் ஊரிலும் பழைய வீடு ஒன்று, சத்திரம் ஒன்று, ஓடு சரிந்த பள்ளிக்கட்டடம் ஒன்று இருக்கக்கூடும். பத்மநாபபுரத்தில் பயின்ற கண்களால் அதனையும் பார்ப்போம். அதன் தூணைச் செதுக்கியவர் யார், திண்ணையில் அமர்ந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்று கேட்போம். அவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்த தலைமுறை, தன் முன்னோரின் இல்லங்களை வீணே அழியவிடாது.