கேஸ் போய்விட்டதா? கொஞ்சம் பொறுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் ஏ.சி.க்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். பழுதான கம்ப்யூட்டரில் நாம் வழக்கமாகப் பின்பற்றும் வழி, 2024 மே மாதம் சென்னையில் எங்கள் வீட்டு ஏ.சி.யில் எனக்குக் கைகொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், இரவு முழுக்க ஓடியும் அறை குளிரவில்லை. எண்பது வயதான அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அங்கும் தூக்கம் இல்லை. மெக்கானிக்கை அழைத்தோம். வந்தவர் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். "கேஸ் போயிடுச்சு சார், 3,500 ஆகும்" என்றார்.

முந்தைய கோடையிலும் இதே பதில்தான். அப்போது பணம் கொடுத்தோம், ஏ.சி.யும் குளிர்ந்தது. அதனால் சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் கேஸ் ஏற்றிய அன்றே அவர் அவுட்டோர் யூனிட்டையும் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். ராமையும் எஸ்.எம்.பி.எஸ்.சையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பழுது என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் டைம் கேட்டு அவரை அனுப்பிவிட்டேன்.

ஏ.சி. கேஸ், பிரிண்டர் இங்க் போல ஓட ஓடத் தீர்ந்து போகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றினால் மீண்டும் வெளியேறிவிடும்.

முதலில் அளந்து பார்த்தேன். அறையின் வெப்பநிலையைக் காட்டும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். (ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது இவ்வளவு கீழே காட்டாது.) கதவை மூடி, ரிமோட்டில் கூல் நிலையையும் 18 டிகிரியையும் வைத்து, 15 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு இண்டோர் யூனிட்டின் மேலே, காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு முறையும், குளிர்காற்று வெளிவரும் இடத்தில் ஒரு முறையும் அளந்திடுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. எனக்கு மேலே 32, கீழே 27. வெறும் 5 டிகிரி!

அடுத்து பில்டர். அதை மாதாமாதம் நானே கழுவிவிடுவேன், சுத்தமாகவே இருந்தது. உங்கள் வீட்டில் அடைத்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். பில்டர் அடைத்தாலும் காயிலில் பனி படியும், மெக்கானிக்கின் கேஜிலும் பிரஷர் குறைவாகக் காட்டலாம். அதைக் கேஸ் குறைவு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

பிறகு பால்கனிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தேன். வெட்கமாகப் போயிற்று. மானிட்டர் பெட்டி, பிரிண்டர் பெட்டி, கேபினட் பெட்டி என்று வாரண்டிக்காக நான் சேர்த்து வைத்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் விசிறிக்கு எதிரில் அடுக்கியிருந்தன. பின்பக்கக் காயிலில், பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்த தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவது இந்தக் காயில்தான். பிராசசர் மேலுள்ள ஹீட் சிங்க்கில் தூசு அடைத்து, கேபினட்டையும் சுவரோடு ஒட்டி வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும்.

ரிமோட்டில் அணைத்தால் போதாது. மெயின் பிரேக்கரை ஆப் செய்த பிறகே தொட வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் வளையாமல் மேலிருந்து கீழாகத் தூசைத் தள்ளி, பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டேன். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். வயர்கள் இருக்கும் பக்கம் தண்ணீர் படக்கூடாது. மூடியைத் திறக்கவும் வேண்டாம். பழைய பிக்சர் டியூப் மானிட்டர் போல, உள்ளே உள்ள கெபாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கலாம். யூனிட் வெளிச்சுவரில் தொங்கினால் எட்டிக் கழுவாதீர்கள். அது அதற்குரிய ஆளின் வேலை.

நன்றாகக் காய்ந்த பின் மீண்டும் அளந்தேன். மேலே 30, கீழே 19. செலவு ஒரு பிரஷ் மட்டுமே. அன்றிரவு அம்மா தலையணையோடு அறைக்குத் திரும்பினார்.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் ஏறவில்லை என்றால் மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். அவுட்டோர் விசிறி சுற்றியும் கம்ப்ரசர் சத்தம் இல்லை என்றால், கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே கேஸ் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கசிவை அடைத்து, வாக்வம் செய்து, எடை போட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஆர்-22, ஆர்-32 என எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் லேபிளிலேயே இருக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது என்பதால் பழகாதவரைத் தொட விடாதீர்கள்.

அட்டைப்பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பிரிண்டர் பெட்டியை மட்டும் பரணில் வைத்திருக்கிறேன், வாரண்டி இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.