இரண்டு மலைகளும் ஒரு வயலும்

பூதலூரில் மலை கிடையாது. ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு எந்தத் திசையில் நோக்கினாலும் வயல், வரப்பு, தென்னை, அதற்கப்பால் வானம், இவ்வளவுதான். ஆயினும், "இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள்" என்று நமது வகுப்பில் சொன்ன மாத்திரத்தில், 40 பிள்ளைகளில் 35 பேர் இரண்டு மலைகளைப் போட்டு, நடுவில் சூரியனை உதிக்கச் செய்து, அடிவாரத்தில் ஒரு வீட்டையும் கட்டி, அதற்குப் புகைபோக்கியும் வைத்துவிடுகிறார்கள். புகைபோக்கி வைத்த வீட்டைத் தஞ்சை ஜில்லாவில் அவர்கள் எங்கே கண்டார்களோ, ஈசுவரனுக்கே வெளிச்சம்!

"தம்பி, இந்த மலை எங்கே இருக்கிறது?" என்று ஒரு சிறுவனைக் கேட்டோம்.

"டிராயிங் புஸ்தகத்தில் இருக்கிறது, ஸார்" என்றான்.

பையன் மேல் குற்றம் இல்லை. நாமும் சிறு வயதில் அதே மலைகளைத்தான் வரைந்தோம். கண்ணெதிரே இருப்பதைப் பாராமல், யாரோ பார்த்ததைப் பார்த்து எழுதும் பழக்கம் நமக்கு அவ்வளவு ஊறிப் போயிருக்கிறது.

ஆனால் இந்தச் சீமையில் எப்போதும் அப்படி இருந்ததில்லை. தஞ்சைச் சித்திரம் என்றதும் பலகையும் தங்க ரேக்கும் கல் பதித்த கிருஷ்ணனும் நினைவுக்கு வருவது இயல்பே. அதே தஞ்சையில், 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோஜி மகாராஜா, பறவைகளையும் விலங்குகளையும் செடி கொடிகளையும் நேரில் பார்த்துக் காகிதத்தில் நீர்வர்ணத்தால் தீட்டும்படி தமது சித்திரக்காரர்களை ஏவினார். கண் வைத்தியத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டினால் நோயாளிகளின் கண்களைக் கூட வரையச் செய்து பதிவு வைத்தார். இவற்றில் சில சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. பறவை விலங்குச் சித்திரங்களில் ஒரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வரைந்த கைகளின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன.

பெயர் தப்பியவர்களும் இருவர் உண்டு. சென்னை ராஜதானியில் கம்பெனி வைத்தியராக இருந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்கள் கொண்ட பெரு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் 2,101 படங்கள். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் தேசத்துச் சித்திரக்காரர்கள். கோவிந்துவின் திறமையை மெச்சி, ஓர் ஆர்க்கிட் செடிக்கு 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார் வைட். பிற்காலத்துச் சாஸ்திரிகள் அதை வேறொரு பேரினத்துடன் சேர்த்துவிட்டார்கள். பெயர் வழக்கிலிருந்து போயிற்று. இங்கிலாந்தில் அக்காலத்தில் பழங்களையும் இலைகளையும் வரைந்த வில்லியம் ஹூக்கர் (1779–1832) கலந்து வைத்த பச்சையோ, 'ஹூக்கர் பச்சை' என்று இன்றும் கடைகளில் விற்கிறது. நம் பிள்ளைகள் அதை வாங்குகிறார்கள், கோவிந்துவை அறியார்கள்.

பச்சை என்றதும் நமது வயல் நினைவுக்கு வருகிறது. நாற்றங்காலில் அது மஞ்சள் கலந்த இளம் பச்சை. நட்ட புதிதில் வயல் முழுதும் வானம். இடையிடையே பச்சைக் கீற்றுகள். வேர் பிடித்துத் தூர் கட்டியபின் நீலம் ஓடிய கரும்பச்சை. கதிர் முற்ற முற்ற மீண்டும் மஞ்சள். பெட்டியிலுள்ள ஒரு பச்சையை இத்தனைக்கும் பூசுவது, எல்லாப் பதார்த்தத்திற்கும் உப்பு ஒன்றே போதும் என்பது போலாகும். மஞ்சளும் நீலமும் கையில் இருந்தால், அளவை மாற்றி மாற்றி எல்லாப் பச்சையையும் நாமே உண்டாக்கலாம்.

நீர்வர்ணம் என்பது வர்ணத் தூளைப் பிசினில் குழைத்தது. தண்ணீர் மிகுந்தால் வர்ணம் மெலிந்து, அடியிலுள்ள காகிதத்தின் வெண்மை அதனூடே ஒளிவிடும். ஆகையால் வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை பூசக் கூடாது. காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். மெல்லிய நிறத்தை முதலில் பூசி, உலர்ந்தபின் அழுத்தமானதைப் பூசுவது முறை. ஈரம் உலருமுன் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் கலந்து பரவும். மழை மேகத்துக்கு அது நல்லது, நெற்கதிருக்கு ஆகாது.

கிண்ணமும் தட்டும் சுமந்து வரப்பில் நடக்க முடியாத குழந்தைகளுக்கு நீர்வர்ணப் பென்ஸில் உகந்தது. சாதாரண வர்ணப் பென்ஸிலைப் போலவே கோடு போட்டு, ஈரத் தூரிகையை மேலே ஓட்டினால் கோடு கரைந்து வர்ணமாகிவிடும். நனைந்ததும் நிறம் தூக்கலாகத் தெரியும். எனவே துண்டுக் காகிதத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. காகிதம் தடிப்பாக இருக்கட்டும். நோட்டுப் புஸ்தகத் தாள் சுருங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளைக் கல்லணைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்றோம். மேட்டூர் அணை முடிந்த 1934-ஆம் ஆண்டையொட்டி நமக்குக் கிடைத்த தண்ணீர் அது. மலை வரைந்த பையன் வயலில் நின்ற ஒரு கொக்கைப் பிடித்துக்கொண்டான். "வெள்ளைப் பென்ஸில் இல்லையே, ஸார்!" என்று தவித்தான். "கொக்கை வரையாதே அப்பா. அதைச் சுற்றியுள்ள வயலை வரை" என்றோம்.

அரை மணி நேரம் அவன் தலை நிமிர்ந்தது பறவையைப் பார்ப்பதற்கு மட்டுந்தான். கழுத்து எப்படி வளைகிறது, கால் எங்கே மடிகிறது என்று அத்தனை நேரம் அவன் எதையும் பார்த்ததில்லை. முடிப்பதற்குள் கொக்கு எழுந்து போய்விட்டது. காகிதத்தில் அது நின்ற இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு கால் சற்று நீளந்தான். ஆனாலும் அது பூதலூர்க் கொக்கு.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தை அடுத்த முறை இரண்டு மலைகளைப் போட்டுக் காட்டினால், அழகு என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஒரு வாழை மரமாவது இருக்கும்.