சேதி கொண்டுவருவது எண்ணெயா, கம்பியா?

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் அப்படியொன்றும் விசித்திரமான பொழுதுபோக்கு அல்ல. ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் பாகங்களை வாங்கி, சொந்தக் கையால் ரிவெட் அடித்துப் பறக்கவிடப்பட்ட ஆர்வி வகை விமானங்கள் மட்டுமே 10,000-ஐத் தாண்டும். இறக்கைக்கும் வாலுக்கும் வரைபடம் உண்டு. விமானிக்கு முன்னால் எந்த மீட்டரை மாட்டுவது என்பதைப் பெரும்பாலும் கட்டுகிறவரே முடிவு செய்ய வேண்டும். இன்ஜின் மீட்டர்கள் மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா என்ற வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆயில் பிரஷர் மீட்டரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரைத் துளைத்து, மீட்டரின் முதுகில் வந்து சேரும். உள்ளே இருப்பது பிரான்ஸின் யூஜென் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற தட்டையான வளைகுழாய். திருவிழாக் கடையில் ஊதினால் விரியும் காகிதச் சுருளைப் போல, அழுத்தம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். எண்ணெயே நேரில் வந்து சேதி சொல்கிறது.

சிக்கலும் அதுதான். குழாய் விரிசல் விட்டால் சூடான எண்ணெய் விமானியின் மடியில் கொட்டும். இன்ஜினிலோ எண்ணெய் குறைந்துகொண்டே போகும். அதனால் குழாய் தொடங்கும் இடத்தில் ஊசித்துளை கொண்ட ஓர் அடைப்பை வைப்பார்கள். அழுத்தம் அதன் வழியே கடந்துவிடும். குழாய் உடைந்தாலும் கசிவு மெதுவாகத்தான் இருக்கும். எண்ணெய்க்கு இந்த ஏற்பாடு போதும் என்று வாதிடலாம். பெட்ரோலை இதே போலக் காலடிக்குக் கொண்டுவர வேண்டுமா என்றால், அழுத்தத்தை அளக்க வேறு வழி இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் வெப்பத்தைக் காட்டும் மெக்கானிக்கல் மீட்டரில் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த குமிழும், தலைமுடி போன்ற துளையுடைய நீண்ட குழாயும் ஒரே துண்டாக வரும். நீளம் கூடுதல் என்று வெட்ட முடியாது. சுருட்டித்தான் கட்டிவைக்க வேண்டும். டாக்கோமீட்டரிலோ சுழலும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்ற, அந்தக் காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களின் ஸ்பீடோமீட்டரும் இப்படித்தான் ஓடியது.

மின்சார வகையில் எண்ணெயும் பெட்ரோலும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சென்சாரின் மின்தடை மாறும், மீட்டர் அதைப் படிக்கும். ஆனால் பல சென்சார்களுக்கு அவற்றின் மரைதான் எர்த். கசியக் கூடாதே என்று மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கெட்டுப்போய் அளவு தப்பும். லேண்டிங் விளக்கைப் போட்டதும் எல்லா மீட்டர் முட்களும் சேர்ந்து துள்ளினால், இன்ஜினைச் சந்தேகிக்கும் முன் எர்த் ஒயரைத் தடவிப் பார்ப்பது நல்லது. கனமான பிரஷர் சென்சாரை இன்ஜினிலேயே திருகுவதும் தவறு. அதிர்வில் அதன் கழுத்து ஒடியும். அதைச் சுவரில் பொருத்தி, வளையும் ஹோஸ் ஒன்றால் இன்ஜினோடு இணைப்பார்கள்.

சிலிண்டர் வெப்பத்தையும் புகைபோக்கி வெப்பத்தையும் அளக்கும் தெர்மோகப்பிள் இரண்டு கட்சியிலும் சேராதது. இரு வேறு உலோகங்கள் சேருமிடம் சூடானால் அதுவே சிறு மின்னழுத்தத்தைத் தரும். எளிய முள் மீட்டருக்கு அதுவே போதும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? மெக்கானிக்கல் கட்சியின் பலமான கேள்வி இதுதான். மேக்னெட்டோ பொருத்திய இன்ஜினுக்கு அந்தக் கேள்வி நியாயமானது: மேக்னெட்டோ தன் பொறியைத் தானே உண்டாக்கும் என்பதால், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் செத்தாலும் இன்ஜின் ஓடும். அந்த நேரத்தில் மீட்டர் இருண்டால் விமானிக்குக் கண் கட்டியது போலத்தான். விமானத்தின் மின்சாரத்தில் இயங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனையே முழுக்க நம்பிய இன்ஜினில் இந்த வாதம் உதிர்ந்துவிடும்; கரண்ட் போனால் அங்கே அளக்க இன்ஜினே ஓடாது. மறுகோடியில் 1938 முதல் 1947 வரை தயாரான பைப்பர் ஜே-3 கப் நிற்கிறது. அடிப்படை வடிவில் அதற்கு மின்சாரமே கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் மீட்டர் என்பது தக்கையில் செருகி, டேங்க் மூடி வழியே நீட்டிய கம்பி. அந்தப் பாணியில் கட்டுகிறவருக்கு மெக்கானிக்கல்தான் பொருத்தம்.

இன்று பலர் எல்லா அளவுகளையும் ஒரே திரையில் காட்டும் கருவியை வாங்கி, அதற்கென்று தனி பேட்டரியும் வைத்துவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் உள்ள விமானத்துக்கு அது சரியான தேர்வே. எந்த மின்சார மீட்டரை மாட்டினாலும், பறக்கும் முன் தரையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வது. சூடேறும்போது மின்தடை குறையும் வகை வெப்ப சென்சாரின் ஒயர் அறுந்தால், மீட்டர் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகவே காட்டும். குமிழ்க் குழாய் உடைந்து ஆவி வெளியேறினாலும் முள் அதே குளிர்ந்த பக்கம்தான் போய் நிற்கும்.