காசநோய்சார் நோயெதிர்ப்பு மீட்சி அழற்சி

காசநோய்சார் நோயெதிர்ப்பு மீட்சி அழற்சி என்பது எச்.ஐ.வி தொற்றும் காசநோயும் ஒருங்கே உள்ளவர்கள் எச்.ஐ.வி எதிர்மருந்தைத் தொடங்கிய பின்னர், நோயெதிர்ப்பு ஆற்றல் மீளும்போது ஏற்படும் சிக்கல் ஆகும். மருந்து பலனளிக்கும் வேளையிலேயே நோய் முற்றுவதுபோல் தோன்றுவது இதன் தனித்தன்மை. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ஐரிஸ் என்பர்.

தோன்றும் விதம்

எச்.ஐ.வி தீநுண்மம் சிடி4 எனப்படும் வெள்ளையணுக்களை அழிக்கிறது. இவை குறைந்த உடலால் காசநோய்க் கிருமிகளை வலுவாக எதிர்க்க இயலாது. எதிர்மருந்தால் தீநுண்மம் குறைந்ததும், மீண்டெழும் நோயெதிர்ப்புத் தொகுதி, உடலில் உள்ள கிருமிகளையும் இறந்த கிருமிகளின் எச்சங்களையும் கடுமையாகத் தாக்குகிறது. இதனால் அழற்சி உண்டாகிறது. சிடி4 எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கும், காசநோய் பல உறுப்புகளில் பரவியவர்களுக்கும் இவ்வாய்ப்பு அதிகம்.

வகைகள்

முரண் வகை: காசநோய் மருந்தால் தேறிவந்தவரின் நிலை, எச்.ஐ.வி மருந்து தொடங்கியபின் மோசமடைதல்.

வெளிப்படும் வகை: அதுவரை கண்டறியப்படாதிருந்த காசநோய், எச்.ஐ.வி மருந்து தொடங்கியபின் கடுமையாக வெளிப்படுதல்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல், இருமல், நிணநீர்க்கணு வீக்கம், சீழ்க்கட்டி ஆகியன தோன்றும். மூளை பாதிக்கப்பட்டால் உயிருக்கு ஆபத்து நேரலாம். இதனை உறுதிசெய்யத் தனிச் சோதனை எதுவும் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை, பிற தொற்றுகள் ஆகியன காரணமல்ல என அறிந்த பின்னரே முரண் வகை முடிவுசெய்யப்படுகிறது.

மருத்துவம்

பெரும்பாலோருக்கு இருவகை மருந்துகளும் நிறுத்தப்படாமல் தொடரப்படுகின்றன. மருந்தே கேடு செய்கிறது எனக் கருதி நோயாளி தாமாக நிறுத்தினால், இரு நோய்களும் முற்றக்கூடும். கடும் அழற்சிக்குப் பிரெட்னிசோன் போன்ற இயக்க ஊக்கி மருந்துகள் தரப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் சிடி4 எண்ணிக்கை 100 அல்லது அதற்குக் குறைவாக இருந்த 240 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே நான்கு வாரம் பிரெட்னிசோன் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் ஐரிஸ் ஏற்பட்டது.

மருந்து தொடங்கும் காலம்

எச்.ஐ.வி மருந்தை விரைந்து தொடங்கினால் ஐரிஸ் கூடும். தாமதித்தால் எயிட்சால் இறப்பு நேரலாம். கம்போடியாவில் 661 பேரிடம் நடந்த காமெலியா ஆய்வு (2011) இவ்விரண்டையும் ஒப்பிட்டது. காசநோய் மருத்துவம் தொடங்கி எட்டாம் வாரத்தில் எச்.ஐ.வி மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரும், இரண்டாம் வாரத்தில் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் இறந்தனர். விரைந்து பெற்றவர்களுக்கு ஐரிஸ் மிகுதியாக ஏற்பட்டபோதிலும் உயிர் பிழைத்தோர் அதிகம். 2021இல் உலக சுகாதார அமைப்பு, சிடி4 எண்ணிக்கை எதுவாயினும் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப் பரிந்துரைத்தது. மூளையுறைக் காசநோய் இதற்கு விலக்கு; மண்டையோட்டினுள் ஏற்படும் அழற்சி உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், அந்நோயாளிகளுக்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் தாமதிக்கப்படுகிறது.