வாயைக் கட்டினால் மட்டும் போதுமா?

உடல் பருத்தவர்களைப் பார்த்ததும் "வாயைக் கட்டு" என்கிறோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களிலும் 28.2 சதவீதம் 37 ஆனது. சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேருக்கும் நாக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று சொன்னால் நம்ப முடியவில்லை.

ரேஷன் பையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் கொஞ்சம் புரியும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2011 முதல் இலவசமாக. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோதான். ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அதைப்போலப் பல மடங்கு விலை. பசியைப் போக்கிய திட்டம் இது, அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பை எப்படியோ தட்டும் அப்படித்தான்: மலையாகச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு, பேருக்குக் காய். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், மீந்த சோறு வீணாகக் கூடாதே என்று அதையும் போட்டுக்கொள்பவர் பெரும்பாலும் அம்மாதான்.

அந்தச் சோற்றால் உடம்பு தேறியதா என்றால், இல்லை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை ஏறுகிறது, இரும்புச்சத்து ஏறவில்லை.

சோறு மட்டுமல்ல, எண்ணெயும் ஒரு காரணம். பாமாயில் இறக்குமதியை மத்திய அரசு 1994இல் தாராளமாகத் திறந்துவிட்டது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த எண்ணெய் டீக்கடை வாணலியிலும் பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் புகுந்தது. கட்டட வேலை முடிந்து வருபவருக்கு நாலு மணிக்குக் கைக்கெட்டுவது சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் ஐந்து ரூபாய். அந்தக் காசுக்கு ஆப்பிள் கிடைக்காது. பல ஊர்களில் முட்டைகூடக் கிடைக்காது. பிள்ளை எதைக் கேட்கும்?

ஆகவே மருத்துவரின் அறிவுரையோடு இது தீராது. விலையில் கை வைத்தாக வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். பருப்பின் அளவையும் இரண்டு கிலோவாக்க வேண்டும். பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். அவற்றில் கடலை எண்ணெயையாவது அரசு உடனே ரேஷனுக்குக் கொண்டுவர வேண்டும்.