பணி விலகல் கடிதம் எழுதும் முன்

சில மாதங்களுக்கு முன், 48 வயதுப் பெண்மணி ஒருவர் தம் கணவருடன் எங்கள் மகளிர் நலப் பிரிவுக்கு வந்தார். ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் விற்பனையாளராகப் பணிபுரிபவர். "இரவில் தூக்கமே இல்லை, டாக்டர். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே முகம் கொதிக்கிறது, வியர்வை கொட்டுகிறது. நன்கு தெரிந்த விலைகூட மறந்துபோகிறது" என்றார்.

"இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார் கணவர். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்த அம்மையார் தலை குனிந்து அமர்ந்திருந்தார். காரணத்தைப் பிறகு சொன்னார். வருங்கால வைப்பு நிதியில் அவருக்கு 8 ஆண்டுப் பணிக்காலமே சேர்ந்திருந்தது. 10 ஆண்டுகள் நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

சரியான சிகிச்சையும் சிறிதளவு உதவியும் கிடைத்திருந்தால் பணியில் தொடர்ந்திருக்கக்கூடிய பெண்கள் பலர், இந்த வயதில் வேலையை விட்டுவிடுகின்றனர். அதைத் தவிர்க்க முடியும்.

உடலில் நிகழ்வது என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பதையே மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிறைவு என்கிறோம். பெரும்பாலோருக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்குகிறது. அதனால், உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு வெப்ப மாற்றத்தையும் பெரிதாகக் கருதி, உடலைக் குளிர்விக்க முனைகிறது. திடீரென முகமும் மார்பும் கொதித்து வியர்த்து, சில நிமிடங்களில் அடங்குவது இதனால்தான். இரவிலும் இப்படி நேர்ந்தால் தூக்கம் கெடும்; பகலில் மறதியும் எரிச்சலும் தோன்றும். இது திறமைக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று.

முதலில் பரிசோதனை

எல்லாவற்றையும் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்த அம்மையாருக்கு ஓராண்டாக மிகுந்த உதிரப்போக்கு இருந்தது. ஹீமோகுளோபின் 8 கிராமாகக் குறைந்திருந்தது. அவருடைய களைப்புக்கு இரத்தசோகையும் முக்கியக் காரணம். தைராய்டு, ஸ்கேன், கருப்பை உட்சுவர்த் திசு ஆகிய பரிசோதனைகளில் அச்சப்பட ஏதுமில்லை என்று தெரிந்தது. உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தி, இரும்புச்சத்து மருந்து தொடங்கினோம்.

வெப்ப அலைகளுக்கு ஹார்மோன் சிகிச்சை மிகுந்த பயன் தருகிறது. பொதுவாக 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு அது ஏற்றது. மார்பகப் புற்றுநோய், இரத்தக் குழாய்களில் உறைவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை வந்தவர்களுக்குப் பொதுவாக ஏற்றதன்று. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. தாமாக மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்ள வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

பணியிடத்தில் கேட்கத் தக்கவை

காற்றோட்டமான இடம், அருகில் குடிநீர், பருத்திச் சீருடை, வேண்டும்போது கழிப்பறைக்குச் செல்லும் அனுமதி, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அமர ஓர் இருக்கை. இவற்றில் இருக்கை எவரும் காட்டும் சலுகை அன்று. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டுள்ளது.

கழிப்பறைக்குச் செல்ல அஞ்சித் தண்ணீர் குடிக்காமலேயே பலர் இருந்துவிடுகின்றனர். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்ப் பாதையின் உட்படலம் மெலிந்து, தொற்று எளிதில் வருகிறது. தண்ணீரைத் தவிர்ப்பது அதற்கு மேலும் இடம் கொடுக்கும்.

மேலாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் கூறுங்கள். உடல்நிலையின் விவரத்தைக் குறிப்பிடாமல், தேவைப்படும் வசதிகளை மட்டும் மருத்துவக் கடிதமாக எழுதித் தர இயலும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

இரவெல்லாம் விழித்திருந்தவர் விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டுப் பணிக்கும் செல்கிறார். வீட்டு வேலையில் ஒரு பகுதியை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டாலே பெரும் சுமை குறையும். "வேலையை விட்டுவிடு" என்று சொல்வதற்கு முன், "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

மூன்று மாதங்கள் கழித்து அந்தத் தம்பதியர் மீண்டும் வந்தனர். ஹீமோகுளோபின் 11 கிராமைத் தாண்டியிருந்தது. வெப்ப அலைகள் முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் இரவில் தூங்க முடிகிறது. அவர் பணியில் தொடர்கிறார். கடிதத்தைப் பார்த்த மேலாளர் என்ன செய்தார் என்று கேட்டேன். "நாற்காலி போட்டுவிட்டார்கள், டாக்டர். எனக்கு மட்டுமில்லை, எங்கள் பிரிவில் எல்லோருக்கும்" என்றார்.